பொன்னாத்தாள் போட்ட பத்தியம்

சேலத்தில் ஆட்டையாம்பட்டி ரோட்டில் அந்தப் பார்மசி கல்லூரியைக் கட்டிய புதிதில், பின்பக்கத்தில் சோதனை எலிகள் வளர்க்கிற எலிக்கொட்டகைக்கு ஆள் கிடைக்காமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் வந்தவன் நாற்றம் தாங்காமல் நாலாம் நாளே வேலையிலிருந்து நின்றுவிட்டான். அடுத்தவன் விரலில் கடி வாங்கியதும் கூண்டைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓட, முப்பது வெள்ளைச் சுண்டெலிகள் மேலாளர் அறை வரைக்கும் ஊர்வலம் போயின. மூன்றாமவன் என்ன வேலை பார்க்கிறோம் என்று பெண்சாதியிடம் சொல்ல வெட்கப்பட்டே விலகிவிட்டான். மூன்று பேரும் மீசை வைத்த ஆம்பளைகள். 1975-இல், கல்லூரி வாட்ச்மேன் சின்னண்ணன் காய்ச்சலில் செத்து ஒரு மாதம் கழிந்ததும், அவன் பெண்சாதி பொன்னாத்தாள் மேலாளர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கொரு வேலை வேணுமுங்க."

"எலிக்கொட்டகை வேலைதாம்மா காலியா இருக்கு. அது பொம்பளை செய்யற வேலை இல்லை."

"எலி ஆம்பளை பொம்பளை பாத்துக் கடிக்குதுங்களா?"

மேலாளர் பதிவேட்டை இழுத்து அவள் பெயரை எழுதினார். மறுநாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.

பொன்னாத்தாள் பிறந்தது மேச்சேரிப் பக்கம். அப்பன் வீட்டில் மானாவாரிக் காடும் நூறு செம்மறி ஆடும் இருந்தன. ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தே அது நேற்று வயிறாரத் தின்றதா இல்லையா என்று பத்து வயதில் சொல்வாள். எலியும் ஆடும் அளவில்தான் வேறு என்பது அவள் முடிவு. ஒவ்வொரு கூண்டையும் திறக்கும்போது "வாங்க சாமி, நகருங்க சாமி" என்று பேசிக்கொண்டே கையை விடுவாள். எலிகள் அவள் புறங்கையில் ஏறி உட்கார்ந்து முகம் கழுவும். ஒன்பது வருசத்தில் இரண்டே தடவைதான் கடி வாங்கியிருக்கிறாள், அதில் ஒன்று தன் தப்பு என்று அவளே சொல்வாள். இது அவள் குணம். தப்பென்று தெரிந்துவிட்டால் சட்டென்று ஒத்துக்கொள்வாள். தெரிகிற வரைக்கும் அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. அந்தக் கல்லூரியில் முயற்சி செய்தவர்கள் உண்டு, ஜெயித்தவர் யாரும் இல்லை.

அவளுக்கு ஒரே மகள், சௌந்திரம். 1981-இல் அவளைக் காவிரிக்கரை ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை மயில்சாமிக்கு வாய்க்கால் பாசனத்தில் வாழையும் வெற்றிலைக்கொடிக்காலும் இருந்தன. மாமியார் செல்லியம்மாள் கறாரானவள், ஆனால் சொன்ன சொல் மாறாதவள். இரண்டு வருசம் கழித்து ஐப்பசியில் சௌந்திரத்துக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாகத்தான் இருந்தது. பெற்றவள்தான் போய்விட்டாள். ஆள் இருந்தாள், பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்கவும் மாட்டாள். கூப்பிட்டால், தன்னை இல்லை என்பதுபோல் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

கயிறு கட்டினார்கள், மந்திரித்தார்கள், கரூர்ப் பக்கம் ஒரு பூசாரியிடமும் கூட்டிப் போனார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த பொன்னாத்தாள், மகளைச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி மனசு கூம்பிப்போவது உண்டு, இது பேயும் இல்லை பிசாசும் இல்லை, வியாதிதான் என்று டாக்டர் சொன்னார். செங்கல் நிறத்தில் சின்ன மாத்திரை கொடுத்தார். நாள் தவறாமல் சாப்பிட வேண்டும், குணம் தெரிய நாளாகும் என்றார். புட்டிப்பாலுக்குக் குழந்தையை மாற்றச் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

செல்லியம்மாள் கெடு வைத்தாள். "ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்போமுங்க சம்மந்தி. அப்பவும் புள்ளை இப்புடியே இருந்தா, நீங்க கூட்டிட்டுப் போயிருங்க. கொழந்தை எங்க ஊட்டுல வளரட்டும். நான் ஒளிச்சுப் பேசறவ இல்லீங்."

ஒளித்துப் பேசுகிறவள் இல்லைதான். அதனால்தான் பொன்னாத்தாள் அந்தக் கெடுவை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடிக்குள் மகள் தெளியாவிட்டால் புருசனும் போனான், பிள்ளையும் போனது.

டாக்டர் சொல்லாததைப் பொன்னாத்தாள் சொன்னாள். மருந்து என்றால் பத்தியம் உண்டு. மஞ்சக்காமாலைக்கு உண்டு, நாய்க்கடிக்கு உண்டு, ஆட்டுக்கு மருந்து ஊற்றினால் அதற்கும்கூட உண்டு. இவ்வளவு பெரிய வியாதிக்குத் தரும் மருந்துக்கு இல்லாமல் போகுமா? டாக்டர் சின்ன வயசு, மறந்திருப்பார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு சம்பந்தியிடம் அடுக்கினாள்.

"உப்பு ஆவாது. புளி ஆவாது. ஒரு வேளைச் சோறுதான். காத்துப் படாம உள்ளறையில தனியா இருக்கோணும். ஆரும் போயித் தொந்தரவு பண்ணக் கூடாது. தெளியற வரைக்கும் கொழந்தையத் தூக்கக் கூடாது, மருந்துச் சூடு புள்ளைக்கு இறங்கீரும். பத்தியம் தவறுனா மருந்து கேக்காதுங்க."

"ஒரு நாள் தவற மாட்டமுங்க," என்றாள் செல்லியம்மாள். சொன்னபடியே செய்தாள்.

அதே தை மாதத்தில் கல்லூரியில் சுவாமிநாதன் சார் தன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆத்தூர்க்காரர், பட்டத்துக்காக ஆய்வு செய்கிறவர், கோபக்காரர், ஆனால் எலியை அதட்ட மாட்டார். அவருக்கு உதவி லேப் டெக்னீசியன் செபஸ்தியான். செவ்வாய்ப்பேட்டை ஆள். தராசைத் தன் பிள்ளையைவிட நன்றாகத் துடைத்து வைப்பான் என்று அவன் பெண்சாதியே குறைப்படுவாள்.

சோதனை பார்க்க எளிமையானது. உயரமான கண்ணாடி ஜாடியில் பாதிக்கு வெதுவெதுப்பான தண்ணீர். அதில் சுண்டெலியை ஆறு நிமிசம் விடுவார்கள். முதலில் அது சுற்றிச் சுற்றி நீந்தும், சுவரைப் பிறாண்டும். வழியில்லை என்று தெரிந்ததும் கைகாலை விட்டுவிட்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மிதக்கும். எத்தனை வினாடி அப்படிக் கைவிட்டு மிதக்கிறது என்பதை சார் ஸ்டாப்வாட்ச்சில் எடுப்பார். பச்சை அட்டைக் கூண்டு எலிகளுக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி, சிவப்பு அட்டைக் கூண்டுக்கு மருந்து ஊசி. மருந்து வேலை செய்தால் எலி சீக்கிரம் கைவிடாது. முடிந்ததும் ஜாடியிலிருந்து எடுத்து, பழைய வேட்டித்துணியில் துவட்டி, பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டுவது பொன்னாத்தாள் வேலை. "ஆச்சு சாமி, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே துவட்டுவாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சுருக்குப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துச் செபஸ்தியானிடம் நீட்டினாள். மாத்திரை தீரப்போகிறது, பேரைப் படித்துச் சொன்னால் கடையில் கேட்கலாம் என்று.

செபஸ்தியான் படித்துவிட்டு நிமிர்ந்தான். "இமிப்ரமின். ஏனுங்கக்கா, நம்ம சார் செகப்புக் கூண்டுக்குப் போடறாரே, அது இதேதானுங்க!"

பொன்னாத்தாள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, சிவப்பு அட்டைக் கூண்டைப் போய்ப் பார்த்தாள். மகள் தின்கிற மருந்தை இத்தனை நாள் தான் துவட்டிய எலிகளும் வாங்கியிருக்கின்றன!

அன்றிலிருந்து அவள் கண் ஜாடியை விட்டு நகரவில்லை. சிவப்புக் கூண்டு எலி நீந்த நீந்த அவள் மனசு நிறைந்தது. அந்த முதல் மாதம் மருந்து நன்றாகவே வேலை செய்தது. சாரும் விசில் அடித்துக்கொண்டு நடந்தார். பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் பொன்னாத்தாள் பேசாமல் விடுகிற ஜாதி இல்லையே. பத்தியமே இல்லாமல் மருந்து இவ்வளவு கேட்கிறது என்றால், பத்தியத்தோடு கொடுத்தால் எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்டாள். எலி நீந்தினால் மகள் தெளிவாள் என்று அவளுக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. மருந்துக்குத் துணை செய்வதாக நினைத்துக்கொண்டு மாசியில் எலிக்கும் பத்தியம் போட்டாள்.

ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே சிவப்பு அட்டைக் கூண்டைச் செபஸ்தியான் ஒதுக்கி வைத்துவிடுவான். கடைசி மூன்று நாள் அந்த எலிகளைக் கூட்டத்திலிருந்து பிரித்தாள். ஒவ்வொன்றையும் ஒரு தகர டப்பாவில் தனித்தனியாக விட்டாள், மூச்சுக்கு ஓட்டை மட்டும். தீனிக் கட்டைக்குப் பதில் ஒரு பிடிப் பொரி. டப்பாக்களைத் தீவன அறை மூலையில் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினாள். இடைப்பட்ட நாளில் அந்தக் கூண்டுப் பக்கம் வேறு யாரும் வருவதில்லை, ஊசி நாளன்று சார் காலையில் வருவதற்குள் எல்லாம் பழைய கூண்டில் திரும்ப இருக்கும். பச்சைக் கூண்டுக்கு மருந்தில்லை, ஆகவே பத்தியமும் இல்லை. அவை சுகமாகத் தின்று ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின.

அடுத்த வாரத்திலிருந்து மருந்து கேட்கவில்லை.

சிவப்புக் கூண்டு எலிகளும் பச்சைக் கூண்டு எலிகளைப் போலவே கைவிட்டு மிதந்தன. சார் மருந்துப் புட்டியை மாற்றினார். தண்ணீர்ச் சூட்டை அளந்தார். சிவப்புக் கூண்டு எலிகள் மட்டும் எடையில் இரண்டு கிராம் குறைகின்றன என்று கண்டுபிடித்துச் செபஸ்தியானின் தராசைக் குற்றம் சொன்னார். அவன் அவமானம் தாங்காமல் அதை மூன்று தடவை கழற்றித் துடைத்தான். தீவன அறைக்குள் எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் நாலு பக்கமும் தேடுவார்கள், சாக்கைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

பொன்னாத்தாள் என்ன செய்தாள்? மருந்து கேட்கவில்லை, பத்தியம் போதவில்லை என்று முடிவு செய்தாள். மூன்று நாளை ஐந்து நாளாக்கினாள். எலிகள் இன்னும் சீக்கிரம் கைவிட்டன. துவட்டும்போது அவள் இப்போது சாமி என்று சொல்வதுகூட இல்லை.

வைகாசியில் ஜேடர்பாளையத்திலிருந்து ஆள் வந்தது. சௌந்திரம் அந்த ஒரு வேளைச் சோற்றையும் தள்ளிவிடுகிறாளாம். பொன்னாத்தாள் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. பகலிலும் மகள் முகம் தெரிய நேரமானது. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அம்மா வந்ததற்குக் கண்ணைக் கூடத் திருப்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. ஏழு மாதக் குழந்தை, பாட்டியின் கையில் வளர்வது. அந்த அழுகையில் சௌந்திரத்தின் விரல்கள் மட்டும் பாயைப் பிறாண்டின, பிறகு நின்றன. பொன்னாத்தாள் அதைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. எங்கே என்று அப்போது தோன்றவில்லை.

"பத்தியம் ஒரு நாள் தவறலீங்க சம்மந்தி," என்றாள் செல்லியம்மாள். "நீங்க சொன்னது சொன்னபடி. நாங்களும் இவகூடச் சேந்து புளியக் கொறைச்சுட்டோம். இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்குது ஆடிக்கு."

பொன்னாத்தாள் ஊட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஆறு நாள் இருந்துவிட்டு, கனத்த மனசோடு சேலத்துக்கு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்கு வந்தபோது சார் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். "பொன்னாத்தா, நல்ல நேரத்துல லீவு போட்டீங்க! போன வாரம் மருந்து பழையபடி பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. பன்னண்டு எலி, பன்னண்டும் விடாம நீந்துது. என்ன மாறிச்சுன்னுதான் புரியல."

"நான் ஒண்ணும் மாத்தலீங்க சார்," என்றான் செபஸ்தியான் அவசரமாக. "கூண்டுல இருந்து நேரா எடுத்தேன், நேரா கொண்டாந்தேன். தராசும் அதே தராசுதான்."

கூண்டிலிருந்து நேராக.

பொன்னாத்தாள் தீவன அறைக்குள் போனாள். சாக்குக்கடியில் அவளுடைய தகர டப்பாக்கள் காலியாக இருந்தன, அவள் வைத்தது வைத்தபடி. ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தாள். தகரத்தில் சுற்றிலும் கோடு கோடாக நகம் கீறியிருந்தது. பாயைப் பிறாண்டிய விரல்களை எங்கே பார்த்தோம் என்று இப்போது தெரிந்தது. அங்கிருந்த தீவன மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, என் கையாலயே, என் வாயாலயே என்று அடித்துக்கொண்டது மனசு.

உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் சாரின் மேசையில் வைத்தாள்.

"மாறுனது நானுங்க சார்."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மாசியிலிருந்து போட்ட பத்தியம், பொரி, சாக்கு, ஐந்து நாள் ஆக்கியது எல்லாம். சாரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. செபஸ்தியான், தன் தராசு பட்ட அவமானம் நினைவுக்கு வந்தவனாக, துணியை எடுத்துத் தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மூணு மாச வேலை! நூறு எலிக்கு மேல!" சார் மேசையை அறைந்தார். "யார் உங்களைக் கேட்டாங்க? எலிக்கு எதுக்குப் பத்தியம்? உங்களை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கணும்!"

"தூக்கறதத் தூக்குங்க சார், திட்டறதயும் திட்டுங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்ற புள்ளையும் இதே மாத்தரதான் திங்குது. அதுக்கும் நாந்தானுங்க பத்தியம் போட்டேன். இருட்டறை, அரை வயிறு, பெத்த புள்ளையத் தொடக் கூடாது. அஞ்சு மாசமாச்சுங்க. அதனாலதான் மருந்து கேக்கலீங்களா?"

சார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது.

"உட்காருங்க. எலிக்கு நடந்தது மனுசனுக்கும் நடக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். உயிருக்கு ஆபத்துன்னு உடம்பு பயந்தா, சிறுநீரகத்து மேல ஒட்டியிருக்கற சின்னச் சுரப்பி ஒரு சுரப்பை ரத்தத்துல விடும். தப்பிச்சு ஓடறதுக்கு அது வேணும். நாய் துரத்தினா நல்லது. ஆனா நாய் போகவே இல்லைன்னா? பசியும் பயமும் தனிமையும் நாள்கணக்கா நின்னா, அதுவும் நிக்காம சுரக்கும். அப்ப இந்த மாதிரி மருந்து போய் வேலை செய்ய முடியாம அது குறுக்க நிக்கலாம். வெளிநாட்டுல இதைப் பத்தித்தான் இப்ப ஆராய்ஞ்சுக்கிட்டிருக்காங்க."

"நாய் போகவே இல்லைங்க சார்," என்றாள் பொன்னாத்தாள். "நாந்தான் காவலுக்குக் கட்டி வெச்சிருந்தேன்."

"இந்த மாத்திரைக்குப் பத்தியம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களா?"

"இல்லீங்."

"அப்ப பத்தியம் தேவையில்லை. வயிறாரச் சாப்பிடலாம். ஒரு தடவை அந்த டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க. ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது."

அவள் எழுந்தாள். போகும்போது கதவருகில் நின்று, "எலிகளுக்கு இன்னைக்குத் தீனி வெச்சுட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரைப் பிடித்துக் கேட்டாள். பத்தியமா, அப்படி ஒன்றும் இல்லையே அம்மா என்று அவர் திகைத்தார். அங்கிருந்து திருச்செங்கோட்டு பஸ், அப்புறம் டவுன் பஸ். ஜேடர்பாளையத்தில் இறங்கியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. செல்லியம்மாள் வாசலில் வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சம்மந்தி, நேத்துத்தான போனீங்க?"

"நான் போட்ட பத்தியத்த எடுக்க வந்தனுங்க."

செல்லியம்மாள் வெற்றிலையைக் கீழே வைத்தாள். விசயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். "வெளையாடறீங்களா? உப்பு ஆவாதுன்னதும் நீங்க, கொழந்தையத் தொடக் கூடாதுன்னதும் நீங்க. அது ராத்திரியெல்லாம் அழுவறப்ப, தூக்கிக் குடுக்க முடியலயேன்னு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்ப எலி சொல்லுச்சு, எடுத்துருன்றீங்க!"

"நான் சொன்னது தப்புங்க. அஞ்சு மாசம் தப்பு. உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங், பூராவும் என்ற மேலதான்."

பொன்னாத்தாள் இப்படித் தலை குனிந்து யாரும் பார்த்ததில்லை. செல்லியம்மாளுக்கே சங்கடமாகிவிட்டது.

"பத்தியம் முறிஞ்சு புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"பழி என் தலையில. உங்க கெடு கெடுவாவே இருக்கட்டும். ஆடிப் பதினெட்டு வரைக்கும் மாத்தரைய மட்டும் நிறுத்தாதீங்க."

மாப்பிள்ளை மயில்சாமி அதுவரை தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா சொல்வதற்கு எதிராக ஒரு சொல் பேசி அறியாதவன், நேராகப் போய் உள்ளறை ஜன்னலைத் திறந்தான். அஞ்சு மாதம் சாத்திய ஜன்னல், தாழ்ப்பாள் இறுகிப்போய் இரண்டு தட்டுத் தட்டவேண்டியிருந்தது.

பொன்னாத்தாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மகள் மடியில் வைத்தாள். சௌந்திரம் அதைப் பார்க்கவில்லை. தள்ளவும் இல்லை. குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். கதைகளில் வருவதுபோல் மகள் உடனே எழுந்து சிரித்துவிடவில்லை.

இங்கே சேலத்தில் சார் வேலையை விட்டுத் தூக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தவளை நிறுத்தி வைத்து, "நீங்க செஞ்ச அதே பத்தியத்தை அப்படியே மறுபடி செய்யுங்க, ஆனா இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சு செய்யுங்க" என்றார். பச்சைக் கூண்டிலும் பாதிக்குப் பத்தியம், சிவப்பிலும் பாதிக்குப் பத்தியம். பசி தனியாக, தனிமை தனியாக. இன்னொரு கூட்டத்துக்குத் தீனியும் துணையும் குறைவில்லாமல் கொடுத்து, அந்தச் சுரப்பை மட்டும் ஊசியில் ஏற்றிப் பார்த்தார். வயிறு நிறைந்து கூட்டாளிகளோடு தூங்கிய எலிகளுக்கும் மருந்து கேட்காமல் போயிற்று. பத்தியம் இருந்த எலிகளின் சுரப்பி பெருத்திருப்பதைச் செபஸ்தியானின் தராசு காட்டிக்கொடுத்தது. அன்று அவன் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தானே, அதை எழுத முடியாது. பொன்னாத்தாள் சொன்னதையெல்லாம் செய்தாள், டப்பாவில் எலியை விடும்போது மட்டும் "மன்னிச்சுருங்க சாமி" என்பாள். ஆய்வு முடிந்து சார் பட்டம் வாங்க 1986 ஆனது. அவருடைய ஆராய்ச்சியின் தலைப்பே மாறியிருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாத்தியாரும், புதுச் சோதனை தொடங்குமுன் பொன்னாத்தாளிடம் வந்து, "வேற ஏதாச்சும் பண்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்கினார்கள். அவளும் உள்ளதைச் சொல்வாள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த 1984 ஆடிக்கு வருவோம்.

ஞாயிறு தவறாமல் பொன்னாத்தாள் ஜேடர்பாளையம் போனாள். ஆனியில் சௌந்திரம் வயிறாரத் தின்னத் தொடங்கினாள். ஆனி முடிவில் குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்தாள். ஆடி முதல் வாரம் அதைத் தானாகத் தூக்கினாள். பேச்சு மட்டும் வரவில்லை. கேட்டால் தலையாட்டல்தான். செல்லியம்மாளும் பொன்னாத்தாளும் கெடுவுக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று காவிரி இரு கரையும் தொட்டுப் போனது. அணைக்கட்டு ஓரத்தில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள், முளைப்பாரி விட்டார்கள். செல்லியம்மாள் வீட்டுக்காரர்கள் ஒரு மர நிழலில் பாய் விரித்து, தூக்குவாளிகளைத் திறந்தார்கள். எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச் சோறு, புளிச்சோறு. மூன்றும் செல்லியம்மாள் கையால் கிண்டியவை. பத்தியம் எடுத்து இரண்டு மாதம் ஆகியும் அவளுக்குப் பயம் முழுசாகத் தெளியவில்லை, மருமகளுக்கென்று செய்வதில் எல்லாம் உப்பைக் கிள்ளித்தான் போடுவாள். பொன்னாத்தாள் கொண்டுவந்த துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். மகளைக் கூட்டிப் போகும்படி ஆகிவிட்டால் அவள் துணிமணி வைக்க என்று, யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்த பை அது.

வாழை இலையில் புளிச்சோறு வைத்தார்கள். இடுப்பில் குழந்தையை வைத்தபடி சௌந்திரம் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். நெற்றி சுருங்கியது.

"அத்தை," என்றாள். தண்ணீர் குடிக்காத தொண்டை மாதிரி குரல் கரகரத்தது. "புளிச்சோத்துல உப்புப் பத்தலீங்க."

மயில்சாமியின் கை இலையில் நின்றுவிட்டது. பொன்னாத்தாள் அந்தத் துணிப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சுற்றிலும் ஊர் பார்க்கிறது என்ற நினைப்பே இல்லாமல் ஓவென்று அழுதாள். அத்தனை வருசத்தில் அவள் அப்படி அழுதது அன்று ஒரு தடவைதான், அதுவும் சந்தோசத்தில்.

செல்லியம்மாள் மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு யாரையும் ஏவாமல் தானே எழுந்து, பக்கத்து மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்திடம் போய்க் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் உப்பு இருந்தாக் குடுங்க சாமி. என்ற மருமக கேக்குறா."